தகதகக்கும் பூச்சு

தங்கச்சிக்கு மூக்கின் மேல் கோபம் என்று என் அண்ணன் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறான். அவனோடு ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தால் யாருக்குத்தான் வராது?

அடைத்துப்போன ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்டுகளுக்குப் பூச்சு போடுவது எங்கள் தொழில். கம்பிவலைக் குழாய்தான், ஆனால் பொல்லாத உலோகம். தன் பழைய உருவத்தை மறக்காது. குளிரில் சுருக்கி வைத்தால் சாதுவாகக் கிடக்கும். உடம்புச் சூடு பட்டதும் விரிந்துகொள்ளும். அதில் பாதி நிக்கல். அது ரத்தத்தில் கசிந்துவிடாமல் தடுக்கத்தான் பூச்சு. மெல்லியதாக இருந்தால் கம்பியோடு சேர்ந்து வளையும், தடித்தால் விரியும்போது வெடிக்கும். நிறுவனத்தை நடத்துவது அண்ணன். சரக்கைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது நான்.

மெல்லிய பூச்சு மங்கலாக இருக்கிறதாம். நான் காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்த நேரம் பார்த்துத் தடிமனைக் கூட்டிவிட்டான்.

“டாக்டருங்க கையில எடுத்துப் பாக்கும்போது தங்கமாட்டம் தகதகன்னு இருக்கணும்,” என்றான்.

“உள்ள போனப்புறம் யாருண்ணா அழகு பாக்கப் போறாங்க?”

ஒன்றை வெந்நீரில் விரித்து மைக்ராஸ்கோப்பில் காட்டினேன். பூச்சு முழுக்க விரிசல். குனிந்து பார்த்தவன் நிமிரக்கூட இல்லை.

“சுருங்கி இருக்கிறப்ப நல்லாத்தானே இருக்கு? அப்படியே பாத்துட்டுக் கையெழுத்தப் போடு. வண்டி வாசல்ல நிக்குது.”

“மனுஷன் உடம்பு என்ன ஐஸ்பெட்டியா?”

“நீ போடலன்னா நான் போட்டுக்கிறேன்,” என்று என் மேசையிலிருந்த பேனாவையே எடுத்தான்.

கூடப் பிறந்தவன் பேசுகிற பேச்சா இது! சரக்குத் தட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, சோதனைத் தொட்டியின் வெதுவெதுப்பான நீரில் கவிழ்த்தேன். எல்லாமே விரிந்துகொண்டன. இனி அவற்றில் ஒன்றைக்கூட விற்க முடியாது.

“பைத்தியமா உனக்கு?” என்று ஓடிவந்து தண்ணீருக்குள் கைவிட்டான். வெளியே எடுத்தபோது விரலெல்லாம் பொன்னிறத் துகள். சட்டையில் துடைத்தான், போகவில்லை. முகம் சுளித்துக்கொண்டு சோப்பைத் தேடினான்.

“கையில ஒட்டினதுக்கே உனக்கு இப்படி அருவருப்பா இருக்கே,” என்றேன். “யாரோ ஒருத்தர் ரத்தத்துல இதாண்ணா ஓடியிருக்கும்.”