மூக்கடைச்ச குட்டி

எங்க வீட்டுக்காரருக்குக் கால் ஒடிஞ்சா வாய் நீளும்னு கல்யாணத்தப்போ எனக்கு யாரும் சொல்லல. ரயில்வேயில சாமான் ஏத்தி இறக்குற வேலை அவருக்கு. மழையில வழுக்கி விழுந்து, முழங்காலுக்குக் கீழ எலும்பு போச்சு. கட்டுப் பிரிச்சு, எலும்பு கூடிருச்சு, இனிமே ஊனி நடந்து பழகுன்னு டாக்டர் சொல்லியே ரெண்டு மாசம் ஆச்சு. இவரு ஊனணுமே. காலை வச்சா மறுபடி ஒடிஞ்சிரும்னு பயம். பயமான்னு கேட்டா கோவம் வரும். பெஞ்சுல உக்காந்தபடி தடியால தரையைத் தட்டித் தட்டி என்னைய ஏவிக்கிட்டிருப்பாரு. நடக்காம, வேலைக்கும் போகாத ஆளை வச்சுக்கிட்டு பிரிக்பீல்ஸ் ரயில்வே குவாட்டர்ஸ்ல எத்தனை நாள் இருக்க முடியும்? எனக்குச் சோறு இறங்கல.

அதனாலதான் பத்துமலை முருகன்கிட்ட வேண்டிக்கிட்டேன். இவரை நடக்க வையி, தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்குறேன்னு. நாப்பத்தஞ்சு நாள் விரதம். ஒரு வேளைச் சோறு, தரையில படுக்கை, தினம் வீடு கழுவணும், நாய் பூனையைத் தொடக் கூடாது.

இதுல பாருங்க, இவரோட நாய் செவலை, ரயில்வே யார்டுல இருந்து இவரு பின்னாலயே வந்த சனியன், அந்தப் பெஞ்சுக்கு அடியிலயே மூணு குட்டி போட்டுருச்சு. நாய் பெத்தா எத்தனை நாள் தீட்டுன்னு நான் யாரைப் போயிக் கேக்குறது? வெளிய போடுங்கன்னேன். "நீ வேணும்னா வெளிய போ"ன்னாரு. மூணு மாசமா மொகத்தைத் தூக்கி வச்சிருந்த மனுசன் அந்தக் குட்டிங்களைக் குனிஞ்சு பாக்குறப்ப மட்டும்தான் கொஞ்சம் சிரிச்சாரு. அதுக்காக விட்டேன்.

பூசத்துக்கு மூணு நாள் இருந்துச்சு. வீடு பூராவும் மஞ்சத்தண்ணி ஊத்திக் கழுவினேன். தண்ணி பெஞ்சுக்கு அடியில ஓடி, குட்டி படுத்திருந்த சாக்கை நனைச்சிருச்சு. நான் பார்த்தேன். இல்லேன்னு சொல்ல மாட்டேன். சாக்கை மாத்தணும்னா நாயைத் தொடணும். காத்துல காஞ்சிரும்னு விட்டுட்டேன். ரெண்டு நாளா விடாம மழை, எங்க காயுறது?

மறுநாள் காலையில தும்மல் ஆரம்பிச்சுது. பதினஞ்சு நாள் குட்டிங்க, கண்ணு இப்பத்தான் கீத்தாத் தொறந்திருக்கு. மூக்குல சளி ஒழுகுது. இவரு தடியைத் தட்ட ஆரம்பிச்சிட்டாரு. "இராஜம்மா, பாரு. இராஜம்மா, அந்தச் சின்னது பால் குடிக்கல. இராஜம்மா."

நான் அடுப்புக்கும் வாசலுக்கும் நடக்குறேன், வாசலுக்கும் அடுப்புக்கும் நடக்குறேன். எனக்கும் மனசு நிலைகொள்ளல. செஞ்சது யாரு, நான்தானே.

பக்கத்து வீட்டு வள்ளியம்மா எட்டிப் பார்த்தா. "கைப்புள்ளைக்குப் போடுற மாதிரி சாம்பிராணி போடுக்கா, சளி இறங்கிரும் லா. அய்யாவு அண்ணன் காலுக்கும் நல்லது" அப்படின்னா. சரின்னு தணல்ல சாம்பிராணியைத் தூவி, பெஞ்சுக்கு அடியில தள்ளினேன். அவ்வளவுதான். மூணு குட்டியும் மூச்சுத் திணறிச்சு, செவலை குரைச்சுது, இவரு இருமிக்கிட்டே கத்துனாரு. "கொல்லப் பாக்குறியா? எடுத்துட்டுப் போ அதை." புகைச்சட்டியைத் தூக்கிட்டு மழையில ஓடினேன். வள்ளியம்மா அதுக்கு முன்னாடியே ஓடிட்டா.

கதவு சன்னலைத் தொறந்து புகையெல்லாம் போனப்புறம் பார்த்தா, ரெண்டு குட்டி தாய்கிட்ட மறுபடி ஒட்டிக்கிச்சு. மூணாவது, வெள்ளைக்கால் குட்டி, காம்பை வாயில வாங்கும், ஒரு இழுப்பு இழுக்கும், விட்டுட்டு வாயைப் பொளந்து மூச்சு வாங்கும். மறுபடி தேடும். பக்கத்துலயே காம்பு இருக்கு, அதுக்குத் தெரியல. மோந்து பார்த்துத்தானே அதுங்க கண்டுபிடிக்கணும்? மூக்கு அடைச்சுக் கெடக்கு. பசியில முனகக்கூட அதுக்குத் தெம்பில்ல.

"தூக்கு அதை" அப்படின்னாரு. "என்னால தரையில குனிய முடியல."

"விரதங்க."

"யாருக்கு விரதம்? எனக்குத்தானே? எனக்கு வேண்டாம்னு நான் சொல்றேன்."

வேண்டாமாம். நாப்பத்திரெண்டு நாள் ஒத்தச் சோறு தின்னவ நானு. வாய்ல வந்ததைப் பூரா அவரைச் சொல்லித் திட்டிட்டு, உக்காந்து குட்டியைத் தூக்கினேன். சில்லுன்னு இருந்துச்சு.

ஈரச் சாக்கை வீசிட்டு என் பழைய சேலையை விரிச்சேன். வெந்நீர்ல துணியை நனைச்சு மூக்கைத் தொடைச்சேன். மேல இருந்தது வந்துச்சு, உள்ள இருக்குறது வரல. துணியைத் திரிச்சு விட்டுப் பார்த்தேன், மிளகுக்கண்ணு மாதிரி ஓட்டை, எங்க போகும்? குட்டி வாயைத் தொறந்து தொறந்து மூடுது. ரவாங்குல இருக்குற என் தங்கச்சி புள்ளைக்குச் சளி அடைச்சப்போ நான் என்ன செஞ்சேன்னு எனக்கு நல்லாத் தெரியும். அதை நெனைக்காம இருக்கத்தான் அவ்வளவு நேரம் துணியைத் திரிச்சுக்கிட்டிருந்தேன்.

முருகா, நீயே பார்த்துக்கன்னு சொல்லிட்டு, அதோட மூக்குல வாயை வச்சு உறிஞ்சினேன்.

துப்பினேன். மறுபடி உறிஞ்சித் துப்பினேன். குமட்டிக்கிட்டு வந்துச்சு. மூணாவது தடவை குட்டி ஒரு தும்மல் போட்டுச்சு பாருங்க, என் மூஞ்சியெல்லாம் தெறிச்சுது. மூக்கு வழியா மூச்சு வந்துச்சு. தாய்கிட்ட வச்சேன். தலையை ஆட்டி ஆட்டித் தேடிச்சு, கவ்விக்கிச்சு, விடல.

ஆனா உடம்பு இன்னும் சில்லுன்னு இருந்துச்சு. அடுப்புகிட்ட போத்தல்ல வெந்நீர் ஊத்தி வச்சிருந்தேன். குட்டியைப் பிடிச்சிருந்த கையை எடுக்க முடியாம, "அந்தப் போத்தலை எடுங்க, துணி சுத்திக் குடுங்க, சீக்கிரம்" அப்படின்னேன். யார்கிட்ட சொல்றேன்னு யோசிக்கவேயில்ல.

போத்தல் வந்துச்சு, துணி சுத்தி. வாங்கிக் குட்டி பக்கத்துல வச்சேன். சூடு பட்டதும் மூணும் ஒண்ணா நெருங்கிக்கிச்சு. அப்புறம்தான் நிமிந்தேன். தடி பெஞ்சுல சாஞ்சு கெடக்கு. பெஞ்சுல ஆளில்ல. இவரு என் பின்னால நின்னுக்கிட்டு குட்டியையே பாத்துக்கிட்டிருக்காரு. அடுப்புக்கு ஏழடி. வந்தது ஏழடி.

நான் பாக்குறதைப் பார்த்துட்டு இவரும் காலைக் குனிஞ்சு பார்த்தாரு. ஒடனே மொகம் வெளுத்துப் போச்சு. செவத்தைப் பிடிச்சுக்கிட்டாரு. எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. எச்சில் வாயோட முருகனைக் கூப்பிடலாமா கூடாதான்னு தெரியல, கூப்பிட்டேன். விரதம் போச்சு. போனா போகட்டும், பால்குடம் எடுக்கத்தான் போறேன், கேக்குறதை அவன் என்கிட்ட நேரா கேட்டுக்கட்டும்.

"தடியை எடு, இராஜம்மா" அப்படின்னாரு, மெதுவா.

அவரு நின்ன எடத்துல இருந்து பெஞ்சு நாலடிதான். தடி என் கைக்கு எட்டுற தூரம்.

"என் கையி குட்டிகிட்ட இருக்கு. நீங்களே போயி எடுத்துக்கங்க"ன்னேன்.