பூனைக்குத் துணை

வெள்ளிக்கிழமைக்குள் வேகம் கூடவில்லையென்றால் வேறு ஆள். மேலாளர் நாத்தனாரிடம் இப்படிச் சொன்னார் என்று கேட்டதும் அண்ணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருவருக்கும் ஒரே அலுவலகம். நாத்தனார் நிரல் எழுதுகிறவள், அண்ணி சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவள்.

நாத்தனாருக்குப் பார்வை மங்கல். திறக்கும் கோப்பையும் எழுதும் வரியையும் காதில் வாசித்துச் சொல்லும் எக்ஸ்டென்ஷன் என்ற ஒட்டுநிரல் ஒன்றை, நிரல் எழுதும் எடிட்டரில் வைத்திருந்தாள். பாதுகாப்பு என்று சொல்லிப் போன மாதம் எல்லாக் கணினிகளையும் துடைத்தார்கள். வெளியிலிருந்து எதையும் இறக்கக் கூடாது என்றார்கள். குரலையும் பிடுங்கிக்கொண்டு, வேகம் போதவில்லை என்றும் சொல்ல எப்படித்தான் வாய் வருகிறதோ!

எக்ஸ்டென்ஷன்களுக்கென்று அலுவலகத்துக்குள்ளேயே ஒரு சர்வர் அமைக்கும் வேலை அண்ணியின் தலையில் விழுந்தது. மூன்று நாள் இடுப்பொடிய உட்கார்ந்து அமைத்தாள். எதெதை வைக்கலாம் என்ற பட்டியல் மேலாளரிடம் போய், ஒரு வரி அடிபட்டுத் திரும்பி வந்தது.

"வாசிக்கிறத ஏன் சார் அடிச்சீங்க?"

"ஒரே ஒரு ஆளுக்குத்தானே? பத்துப் பேருக்குக் கீழன்னா வேணாம்."

"அப்ப இந்தப் பூனை?"

பட்டியலில் அடிபடாமல் தப்பிய இன்னொரு எக்ஸ்டென்ஷன் அது; எடிட்டர் திரையின் அடியில் ஒரு பூனை குறுக்கும் நெடுக்கும் நடக்கும். அதற்கு வேறு வேலை வெட்டி கிடையாது.

"நாப்பது பேர் வச்சிருந்தாங்கம்மா. நானும்தான்."

அண்ணி வாயைத் திறந்தால் வேலை போய்விடும் போலிருந்தது. இருக்கைக்கு வந்து பட்டியலை மறுபடி பார்த்தாள். மேலாளர் படிக்காமல் கையெழுத்துப் போட்ட கடைசி வரியில், 'அனுமதித்தவையும் அவை இயங்கத் துணையாக வேண்டியவையும்' என்று இருந்தது. பூனையின் கோப்பைத் திறந்தாள். துணை என்ற இடத்தில் அந்தக் குரலின் பெயரை எழுதி, இரண்டையும் சர்வரில் ஏற்றினாள். இனி பூனையைக் கேட்கிறவருக்குக் குரலும் சேர்ந்தே போகும்.

"போய்ப் பூனையப் போட்டுக்கோ."

"எனக்கு எதுக்கு அண்ணி பூனை?"

"போடுடி, சொல்றேன்."

வெள்ளிக்கிழமை காலை அண்ணி சர்வரைப் பார்த்தபோது, அந்தக் குரலை இறக்கியவர்கள் நாற்பத்தொரு பேர். நாத்தனாரைத் தவிர எல்லோரும் கணினியில் ஒலியை அணைத்தே வைத்திருப்பவர்கள் என்பதால் யாருக்கும் தெரியவில்லை.

பத்து மணிக்குக் கூட்டம். மேலாளர் தன் லேப்டாப்பை அறையின் ஒலிபெருக்கியோடு இணைத்துவிட்டு, எல்லோரும் வந்து உட்காரும்வரை பாதியில் விட்ட கடிதத்தை முடித்துவிடலாம் என்று எடிட்டரைத் திறந்தார். கடிதம், கணக்கு, நிரல் எல்லாவற்றையும் அதில்தான் எழுதுவார். திறந்ததுதான் தாமதம், அறை முழுக்கக் கேட்கும்படி குரல் நிறுத்தி நிதானமாக வாசித்தது.

"மேற்படி ஊழியர். பார்வைக் குறைவால். வேகமாக வேலை செய்ய இயலாதவர். எனவே."

மேலாளர் தட்டாத பொத்தான் இல்லை. தட்டியதையும் சேர்த்துக் குரல் வாசித்தது. பூனை பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

நாத்தனார் மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன சார், இவ்வளவு மெதுவா வச்சிருக்கீங்க? நான் இதவிட மூணு மடங்கு வேகத்துல கேப்பேன். கொஞ்சம் கூட்டி வைங்க, மிச்சத்தையும் கேட்டுடலாம்."