அவசரம்னா இறங்கி நடங்க

விளம்பரங்கள் முடிவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று தியேட்டருக்குள் நுழையும்போதே அவள் முடிவு செய்திருந்தாள். இந்தப் படத்தில் ஆமைக்குப் பேசுவது உன் அப்பா இல்லை என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் விஷயம். திரையில் பற்பசை போய் சோப்பு வந்தது, சோப்பு போய் கார் வந்தது. பக்கத்து இருக்கையில் மகள் பட்டாணி செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் பாப்கார்ன் இருந்தது, ஒன்றைக்கூடத் தொடவில்லை. ஆமை வந்த பிறகுதான் சாப்பிட வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சி, அரங்கம் நிரம்பிவிட்டது. பிள்ளைகளைச் சாக்கு வைத்துக்கொண்டு வந்த அப்பா அம்மாக்கள்தான் பிள்ளைகளைவிடக் குஷியாக இருந்தார்கள்.

"பட்டாணி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா."

"படம் போடப் போறாங்கம்மா."

"அதான், அதுக்கு முன்னாடி."

"இன்டர்வெல்ல சொல்லு."

ஆறு வயதுப் பிள்ளை அதட்டினால் அடங்கிப் போகிற ஆள் இல்லை அவள். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. எத்தனையோ பெரிய மனிதர்களை, "தலையை ஆட்டாதீங்க சார், மோவாயை இதுமேல வைங்க" என்று மிரட்டி உட்கார வைத்திருக்கிறாள். ஆனால் இன்று டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். முடிச்சைப் போட்டவளும் அவள்தான், அவிழ்க்கத் தெரியாமல் முழிப்பவளும் அவள்தான்.

அவள் கணவன் டப்பிங் பேசுகிறவன். முகம் யாருக்கும் தெரியாது, குரல் மட்டும் எல்லார் வீட்டுக்குள்ளும் போய் வந்திருக்கிறது. இருமல் மருந்து விளம்பரத்தில் இருமியது அவன்தான். வில்லனுக்குப் பின்னால் நிற்கும் அடியாளாக, "பாஸ், போலீஸ்!" என்று கத்தியதும் அவன்தான். ஆனால் அவனுக்குச் சோறு போட்டதென்னவோ ஆமை. இருபது வருஷத்துக்கு முன்னால் டிவியில் வந்த, ஏதோ ஒரு தேசத்துக் கார்ட்டூன் அது. ஓர் ஆமை பஸ் ஓட்டும். டை கட்டிய சேவல் ஒன்று ஆபீசுக்கு நேரமாகிவிட்டதென்று தினமும் சீட்டில் குதிக்கும். ஆமை வண்டியை நிறுத்தி, கழுத்தை நீட்டித் திரும்பிப் பார்த்து, ஒரு வசனம் சொல்லும். தமிழில் எழுதிக் கொடுத்தவர் அந்த இடத்தில், "பொறுமையாக இருந்தால் அனைவரும் பாதுகாப்பாக வீடு சேரலாம்" என்று பள்ளிக்கூடப் பாடம் போல எழுதியிருந்தார். அவன் ஒரு தடவை அதைப் பேசிப் பார்த்தான். அடுத்த தடவை தாளைப் பார்க்காமல், "அவசரம்னா இறங்கி நடங்க" என்று போட்டான். வசனம் பிரமாதம், ஆனால் அளவு சின்னதாகிவிட்டது. "இறங்கி"க்கும் "நடங்க"வுக்கும் நடுவில் ஆமையின் வாய் ஒரு தடவை சும்மா அசைந்தது. வாய் அசைகிற இடத்தைச் சத்தமில்லாமல் விடக் கூடாது என்பது அந்தத் தொழிலின் பால பாடம். அந்த இடத்தில் ஒரு "ம்" வைத்து அடைத்துவிட்டான். "அவசரம்னா இறங்கி... ம்... நடங்க." கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்த நண்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு எல்லா வாரமும் அந்த "ம்" வந்தது.

ஆமைக்குக் குரல் கொடுத்தவன் வீட்டில் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டுதான் திரிவான். நின்றுகொண்டே சாப்பிடுவான். சட்டைப் பொத்தானை மாடிப்படியில் போட்டுக்கொண்டே ஓடுவான். அவள் மேலேயிருந்து, "அவசரம்னா இறங்கி, ம், நடங்க!" என்று கத்துவாள். கீழேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் மட்டும் வரும். பட்டாணிக்கு ஒன்றரை வயதிருக்கும்போது ஒரு மத்தியானம், ஸ்டூடியோ வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. யார் அவனை அவசரப்படுத்தினார்கள்? அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுப் பாதி வழியில் இறங்கி நடந்தவன் அவன்தான்.

பேசிப் பிழைத்தவனின் பேச்சு வீட்டில் ஒரு சொட்டுகூட இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஃபோனில் வீடியோக்கள் நிறைய இருந்தன. பட்டாணி குப்புற விழுவது, தவழ்வது, தயிரை முகத்தில் பூசிக்கொள்வது. எல்லாவற்றையும் எடுத்தவன் அவன். எதிலும் அவன் குரல் கிடையாது. பதிவு ஓடும்போது வாயைத் திறக்கக் கூடாது என்பது அவனுக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம். ஃபோனைத் தூக்கினாலே உதட்டை இறுக்கிக்கொள்வான், மூச்சுகூடப் பார்த்துத்தான் விடுவான். அந்த வீடியோக்களில் அவள்தான் லொடலொடவென்று பேசிக்கொண்டிருப்பாள். அவனிடம் ஏதாவது கேட்பாள். பதிலுக்குப் படம் மேலும் கீழுமாக ஒருமுறை ஆடும். அவன் தலையாட்டுகிறான் என்று அர்த்தம்.

அதனால் பட்டாணிக்கு அப்பா என்றால் ஆமைதான். "அம்மா, அப்பா போடு" என்பாள். கடையிலிருந்து வந்து முகம் கழுவுவதற்குள் அந்தப் பழைய கார்ட்டூனைப் போட்டுக் கொடுக்க வேண்டும். அத்தனை கதைகளும் அவளுக்கு மனப்பாடம். ஆனால் ஆமையின் குரல் அவனுடைய சொந்தக் குரலே இல்லை. அது கட்டை, தொண்டையின் அடியிலிருந்து இழுத்துப் பேசுவது. அவன் குரல் மெல்லியது. எப்படி மெல்லியது? அதை நினைத்துப் பார்க்க இப்போதெல்லாம் அவளுக்குப் பயமாக இருந்தது. எதிரில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டதா?" என்று நாள் முழுக்கக் கேட்கிறவள். அவளிடம் யாராவது அப்படிக் கேட்டால், ஆமையைத் தவிர வேறெதுவும் அவளுக்கு இப்போது தெளிவாக இல்லை. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

போன மாதம் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வழியில் சிக்னலில் நின்ற பஸ்ஸின் பக்கவாட்டில் போஸ்டரைப் பட்டாணிதான் முதலில் பார்த்தாள்.

"அம்மா! ஆமை டிரைவர்! படமா வருதாம்!"

அவளுக்குத் தோளில் ஒரு பை, கையில் ஒரு பை, காதுக்கும் தோளுக்கும் நடுவில் ஃபோன். புதுக் கண்ணாடி போட்டால் தரை சரிவாகத் தெரிகிறது என்று ஒருவர் கத்திக்கொண்டிருந்தார்.

"அப்பா புதுசா பேசுவாரா அம்மா? நாம கேக்காதது எல்லாம் பேசுவாரா?"

"ம்" என்றாள்.

ஒரு இடைவெளியை அடைப்பதற்காக வந்த "ம்" அது. என்ன கேள்வி என்றுகூடக் காதில் சரியாக விழவில்லை. ஆனால் மறுநாளே வகுப்பு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. எங்கப்பா செத்துட்டாருதான், ஆனா புதுசா பேசப் போறாரு என்று பட்டாணி எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். ஆசிரியை வாசலில் அவளைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தார்.

அந்த வாரமே ஒலிப்பதிவு நண்பனிடமிருந்து ஃபோன் வந்தது. எல்லாருக்கும் அவன் 'சவுண்டு', அவளுக்குத் தம்பி.

"அண்ணி, பாப்பாவ அந்தப் படத்துக்குக் கூட்டிட்டுப் போயிடாதீங்க."

"ஏன் தம்பி?"

"பெரிய நடிகரு குரல் குடுத்திருக்காரு. குறை சொல்ல முடியாது, நல்லாதான் பேசியிருக்காரு. இருந்தாலும்..." அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. "அண்ணனோட டயலாக்க மட்டும் விடலை அண்ணி. அத எடுத்தா ஜனங்க நம்மள சும்மா விட மாட்டாங்கன்னு சண்டை போட்டு வெச்சுட்டேன். என்னால ஆனது அதான்."

"அவ நாள் எண்ணிக்கிட்டு இருக்கா தம்பி."

"அப்போ சொல்லிடுங்க."

சொல்லிடுங்க. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான். தலை வாரும்போது சொல்லலாம் என்று நினைத்தாள். சீப்பு சிக்கில் மாட்டியது. சாப்பிடும்போது சொல்லலாம் என்று நினைத்தாள். சாப்பிடுகிற பிள்ளையிடம் ஏன் என்று விட்டுவிட்டாள். அப்பா செத்துப்போனது பட்டாணிக்குத் தெரியும். அதை அவள் தன் பிறந்தநாளைச் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொல்வாள். செத்தவர் பேச முடியாது என்பதுதான் அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்த ஒரே செத்த ஆள் தினமும் சாயங்காலம் பேசிக்கொண்டுதானே இருக்கிறார்.

விளக்குகள் அணைந்தன. பட்டாணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கார்ட்டூனில் ஆமை என்றால் நாலு கோடும் ஒரு பச்சை வண்ணமும்தான். இதில் தெரு நிஜம், மனிதர்கள் நிஜம். புது ஊருக்குக் குடிவந்த ஒரு குடும்பம் மழையில் பஸ்ஸுக்கு நிற்கிறது. பஸ் வந்து நிற்கிறது, கதவு திறக்கிறது. கம்ப்யூட்டரில் செய்த ஆமை ஓட்டுநர் இருக்கையிலிருந்து திரும்புகிறது. கழுத்தில் சுருக்கம், கண்ணோரத்தில் ஈரம். "நிஜ ஆமைம்மா" என்று கிசுகிசுத்துவிட்டு, பட்டாணி ஒரு பாப்கார்னை எடுத்தாள்.

"வாங்க, வாங்க. நனையாதீங்க. உள்ள எடம் இருக்கு" என்றது ஆமை. பெரிய நடிகரின் குரல் என்று தெரிந்ததும் விசில் பறந்தது.

பாப்கார்ன் வாய்க்குப் பக்கத்திலேயே நின்றது. ஆமை இன்னும் இரண்டு மூன்று வசனம் பேசியது. பட்டாணி தலையைச் சாய்த்து, ஒரு காதை மட்டும் திரைப்பக்கம் திருப்பிக் கேட்டாள். பிறகு அம்மாவின் காதருகே வந்தாள்.

"அப்பாவுக்குச் சளி பிடிச்சிருக்கா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். ஒரே ஒரு "ம்" போதும். இடைவேளை வரைக்கும், வீடு போகும் வரைக்கும், ஏன், இன்னும் ஒரு வருஷத்துக்குக்கூட அது தாங்கும்.

"இல்லடா. அது அப்பா இல்ல. வேற ஒருத்தர்."

"அப்பா எப்ப பேசுவாரு?"

"பேச மாட்டாரு. பழசுல இருக்கறது மட்டும்தான். புதுசா இனிமே வராது."

"இனிமேன்னா?"

"எப்பவுமே."

முன்வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டு, அவள் முகத்தைக் கண்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பிக்கொண்டார்.

"நீ ம்னு சொன்னியே."

"சொன்னேன். தப்புதான். அம்மா கவனிக்காம சொல்லிட்டேன்."

பட்டாணி அழவில்லை. அழுதிருந்தால் தூக்கி மடியில் போட்டுக்கொண்டிருப்பாள். குனிந்து, இருட்டில் கையால் துழாவிச் செருப்பைத் தேடினாள். ஒன்று கிடைத்தது. மற்றது முன்னிருக்கைக்கு அடியில் போயிருந்தது. அவள் எடுத்துக் கொடுத்தாள். பட்டாணி வாரை மாட்டிக்கொண்டு, "வீட்டுக்குப் போலாம்" என்றாள். பாப்கார்னை இருக்கையிலேயே வைத்துவிட்டாள்.

வரிசையின் நடுவில் இருந்தார்கள். ஒவ்வொருவராகக் கால்களை மடக்கி வழிவிட்டார்கள். "சாரி, சாரி" என்று சொல்லிக்கொண்டே அவள் பிள்ளையை முன்னால் விட்டு, படிக்கட்டுக்கு வந்து சேர்ந்தாள். படியோரத்தில் சின்னச் சின்ன விளக்குகள் எரிந்தன. பட்டாணி கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினாள். பின்னால் வந்த அவளுக்குத் திரை தெரிந்தது. பஸ் போய்க்கொண்டிருந்தது. டை கட்டிய சேவல், இதில் அதற்கு உண்மையான இறகுகள், சீட்டில் எம்பி எம்பிக் குதித்தது. ஆபீசுக்கு நேரமாச்சு, சீக்கிரம் போப்பா என்றது. பஸ் நின்றது. ஆமை கழுத்தை நீட்டியது. அரங்கத்தில் சட்டென்று ஓர் அமைதி வந்தது. அது பிள்ளைகளின் அமைதி இல்லை, பெரியவர்களுடையது. அது அவளுக்குப் புரிவதற்குள் வசனம் வந்துவிட்டது.

"அவசரம்னா இறங்கி நடங்க!"

நடிகர் பட்டென்று, தெறிக்கிற மாதிரி சொன்னார். இந்த ஆமையின் வாய் வசனத்துக்கு அளவெடுத்தாற்போல அசைந்தது. அடைப்பதற்கு இடைவெளியே இல்லை. ஆனால் அவரோடு சேர்ந்து அரங்கமும் சொல்லத் தொடங்கியிருந்தது. மேல் வரிசையிலும் கீழ் வரிசையிலும் அப்பாக்கள், அம்மாக்கள், சித்தப்பாக்கள், தனியாக வந்திருந்த ஒரு வழுக்கைத் தலைக்காரர். நடிகர் முடித்துவிட்டார். இவர்கள் முடிக்கவில்லை. யாரும் சொல்லிக் கொடுக்காமல், எல்லாருமே தொண்டையின் அடியிலிருந்து குரலைக் கட்டையாக்கி, அந்த இடத்தில் வாயை மூடினார்கள்.

"ம்..."

அது அவள் பாதத்துக்குக் கீழே படியில் அதிர்ந்தது.

"...நடங்க."

பிறகு ஒரே சிரிப்பும் கைதட்டலும். பக்கத்திலிருந்த ஒருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மனைவியிடம், "சின்ன வயசுல எங்க வீட்டுல எதுக்கெடுத்தாலும் இதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவள் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஸ்டூடியோவின் சின்ன அறைக்குள் வாய் அசைவை அடைப்பதற்காக அவன் போட்ட சத்தம். அதை இத்தனை பேர் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்திருந்திருக்கிறார்கள். ஒருவருக்கும் அவன் முகம் தெரியாது. அவன் செத்ததும் தெரியாது.

இரண்டு படி கீழே பட்டாணி நின்றுவிட்டிருந்தாள். திரையைப் பார்க்கவில்லை. முதுகைத் திரைக்குக் காட்டிக்கொண்டு, இருட்டில் அடுக்கடுக்காகத் தெரிந்த முகங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. அவள் இறங்கிப் போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"போலாமா?" என்று கேட்டாள்.

பட்டாணி படியிலேயே உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டாள். அவளும் உட்கார்ந்தாள். படி சில்லென்றிருந்தது. யாரும் அவர்களை எழுப்பிவிடவில்லை. படம் பாட்டுக்கு ஓடியது. குடும்பம் வீட்டைத் தேடியது, மழை விட்டது, பிள்ளைகள் எதற்கோ சிரித்தன. பட்டாணி எதற்கும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அம்மாவின் தோளைத் தொட்டாள்.

"அம்மா, மறுபடியும் யாராவது அவசரப்படுவாங்களா?"

"தெரியலடா."

திரையில் மறுபடியும் பஸ் வந்து நின்றது. எல்லாரும் ஏறினார்கள். கடைசியாக ஏறிய சேவல் தன் சீட்டில் உட்கார்ந்து, டையைச் சரிசெய்து, ஜன்னல் வழியாக வெளியே பார்த்தது. பிறகு மெதுவாக இறக்கையை விலக்கிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தது. பட்டாணி திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டு, அம்மாவின் கையைப் பிடித்தாள். அவர்களுக்கு மேலே, இருட்டில், அத்தனை பேரும் மூச்சை இழுத்துக்கொள்கிற சத்தம் கேட்டது.