கொக்குக்கு அளந்த சீட்

எங்கள் வீட்டில் என்னைத் தவிர எல்லோரும் நெட்டை. எல்லோரும் என்றால் இரண்டே பேர்தான், வீட்டுக்காரரும் மகனும். பரண் மேல் இருப்பதை எடுத்துத் தர ஆள் இருக்கிறதே என்று நான் ஸ்டூல்கூட வாங்கவில்லை. அவர்கள் வெளியே போன பிறகுதான் பரண் சாமான் எனக்குத் தேவைப்படும் என்பது வேறு விஷயம். மகனை வீட்டில் கொக்கு என்றுதான் கூப்பிடுவோம். உட்கார்ந்தால் முதலில் கண்ணில் படுவது அவன் முழங்கால்தான்.

வீட்டுக்குப் பின்னால் எங்கள் சலவைக் கொட்டகை. லாட்ஜ்களின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் இங்கேதான் வெளுக்க வரும். துவைப்பது நான், இஸ்திரி போடுவது அவர். கிட்டத்துச் சுருக்கம் ஒன்றுகூட அவர் கண்ணுக்குத் தப்பாது. ஆனால் எதிரே வருவது பஸ்ஸா லாரியா என்று அது பக்கத்தில் வந்து ஹாரன் அடித்த பிறகுதான் சொல்வார். அந்தக் கண்ணுக்கு யாரும் லைசென்ஸ் கொடுக்க மாட்டார்கள். அதனால் துணி கொண்டுபோக வாடகை வேன்தான். அந்த வேன்காரருக்கு நாங்கள் வைத்த பெயர் 'இதோ'. போன் செய்தால் "இதோ வந்துட்டேன்" என்பார். அப்போதுதான் பல் விளக்கிக்கொண்டிருப்பார்.

இதோவின் புண்ணியத்தில் ஒருநாள் பெரிய லாட்ஜில் விரிப்பு இல்லாமல் விருந்தாளிகள் வரவேற்பறையில் காத்துக்கிடந்தார்கள். மானேஜர் என்னைக் கூப்பிட்டு நிதானமாகவே பேசினார். இனி ஒருமுறை தாமதமானால் வேலையை வேறு இடத்துக்குக் கொடுத்துவிடுவேன், வருத்தப்படக் கூடாது என்றார். அந்த லாட்ஜ் போனால் எங்கள் கொட்டகையில் பாதி மெஷின் சும்மா நிற்கும். கத்துகிற ஆளைச் சமாளிக்கலாம், நிதானமாகப் பேசுகிறவரிடம் எதுவும் செய்ய முடியாது.

அன்றே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். வீட்டில் அவசியம் என்று சொன்னேன். அவசியம் பாதி, ஆசை பாதி. ஆசை என்றால் சிரிப்பார்கள், அவசியம் என்றால் காது கொடுப்பார்கள் என்று இத்தனை வருஷக் குடித்தனத்தில் தெரியாதா? லைசென்ஸ் வந்த அன்று இருவரும் கை தட்டினார்கள். பூத்தையல் கற்றுக்கொண்டு வந்தவளுக்குத் தட்டுகிற மாதிரித் தட்டினார்கள். பிறகு அதை மறந்தும் போனார்கள்.

கொக்கு அப்போது பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம். படிப்பு முடிக்க ஏதாவது ஒன்றைச் செய்து காட்ட வேண்டுமாம். மற்றவர்கள் மேஜை மேல் வைக்கிற மாதிரி எதையோ செய்தபோது, இவனும் சோடாபுட்டி என்கிற இவன் கூட்டாளியும் ஒரு பழைய பிக்கப்பைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். மூடிப்போன இரும்புக் கடையின் பின்பக்கம் கிடந்த வண்டி அது. டயரைச் சுற்றிப் புல் முளைத்திருந்தது. உள்ளே தரைத்தகடு துருப்பிடித்து, சீட்டில் உட்கார்ந்தால் காலுக்குக் கீழே ரோடு தெரிந்தது. பழைய பிக்கப்பைச் சலவை வண்டியாக மாற்றுவது என்று காலேஜில் எழுதிக் கொடுத்திருந்தான். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. வண்டி வந்தாயிற்று, லைசென்ஸ் அலமாரியில் இருக்கிறது, இதோவுக்கு ஒரு கும்பிடு.

எஞ்சினை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் போட்டார்கள். கிரீஸ் போக என் சலவை சோடா கரைந்தது. கை துடைக்க நல்ல துண்டாகப் பார்த்து எடுத்தார்கள். பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். ஓட்டைத் தரையை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்தான். பிரேக்கை முழுசாக மாற்றினான். பின்னால் கூண்டு கட்டி, கித்தான் போட்டு, லாட்ஜ் சிப்பந்திகளின் இஸ்திரி போட்ட சட்டைகள் கசங்காமல் தொங்க கம்பி வைத்தான். மூட்டை ஏற்றுவது நான்தான் என்பதால் என்னை நிற்கச் சொல்லி, மூட்டையை வைத்துத் தள்ள என் இடுப்பு உயரத்துக்கு ஒரு தட்டு வைத்தான். இவ்வளவு யோசிக்கிறானே என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

கடைசியாக சீட். பழைய நீள சீட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, விபத்தில் நொறுங்கிய ஒரு காரிலிருந்து இரண்டு பக்கமும் அணைத்துப் பிடிக்கிற மாதிரி சிவப்பு சீட்டுகள் கொண்டுவந்தான். ஓட்டுகிற பக்கத்து சீட்டை வண்டித் தரையில் வைத்து, ஏறி உட்கார்ந்து, காலை நீட்டி, கண்ணை மூடி, இன்னும் மாட்டாத ஸ்டியரிங்கைக் காற்றில் பிடித்தான். சோடாபுட்டி சுற்றி சாக்பீஸால் கோடு போட்டான். அந்தக் கோட்டின் மேலேயே வெல்டிங் வைத்துவிட்டார்கள். நான் அப்போது விரிப்புகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். கண்ணால் பார்த்தேன், மண்டையில் ஏறவில்லை.

வண்டி முடிந்த அன்று நான் புடவையைச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். கால் அந்தரத்தில் தொங்கியது. நுனிக்கு வந்து நீட்டினால் கிளட்ச் கட்டைவிரலில் பட்டும் படாமலும் இருந்தது, ஆனால் கண்ணாடி வழியே வானம் மட்டும்தான் தெரிந்தது. வீட்டுக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். கொக்கும் சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்பதை அவர்கள் கவனிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"நீ ஏம்மா கஷ்டப்படணும்? நான்தான் இருக்கேன்ல" என்றான் கொக்கு.

"எதுவரைக்கும் இருப்பே?"

அவனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருந்தது. பரீட்சை முடிந்த கையோடு போய்ச் சேர வேண்டும். போவதற்குப் புதுப் பெட்டிகூட வாங்கி வைத்திருந்தான். அந்தப் பெட்டியும் இந்த வண்டியும் ஒரே வீட்டில்தான் இருந்தன, அவன் மண்டைக்குள் மட்டும் இரண்டும் சந்திக்கவே இல்லை. அவன் அப்பாவைப் பார்த்தான். அவர் ஒரு டிரைவர் போட்டுக்கொள்ளலாம் என்றார். இன்னொரு இதோவை நாமே சொந்தமாக வண்டி கொடுத்து வைத்துக்கொள்ளலாம் என்கிறீர்களா என்று கேட்டேன். அவர் இஸ்திரிப் பெட்டி காய்கிறது என்று எழுந்து போய்விட்டார்.

சீட்டை வெட்டி முன்னால் வை என்றேன். கொக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். வரைபடமெல்லாம் காலேஜில் கொடுத்தாயிற்றாம், சீட்டின் சாய்வுதான் இதில் விசேஷமாம், இப்போது மாற்றினால் எல்லாம் பாழாம். அதற்குப் பதிலாக என் முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணை, கீழே ஒன்று, பெடல்களின் மேல் டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டிய மரக்கட்டைகள் என்று ஒரு ஏற்பாடு செய்தான். எங்கள் கொட்டகையில் தலையணைக்கா பஞ்சம்? நானும் சரி, ஏதோ ஒரு வழி என்று தலையாட்டினேன்.

முற்றத்திலேயே ஓட்டிப் பார்த்தோம். எங்கள் முற்றம் லேசாகச் சரிந்த இடம். எடுத்தது நன்றாகத்தான் எடுத்தேன், கொக்குகூட ஆச்சரியமாகப் பார்த்தான். துணிக்கொடி அருகே வந்ததும் பிரேக்கை மிதித்தேன். மரக்கட்டை ரப்பரோடு சுழன்று கொண்டது, கால் வழுக்கியது, முதுகுத் தலையணை நழுவி நான் சீட்டுக்குள் புதைந்து போனேன். கொடிக்கம்பு முறிகிற சத்தம் கேட்டது. ஈர விரிப்புகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடி மேல் வந்து விழுந்தன. எனக்கு எல்லாமே வெள்ளை. வண்டி துவைக்கும் தொட்டியில் இடித்து, ஒரு குலுங்கு குலுங்கி நின்றது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தொட்டிக்கு மறுபக்கம் வீட்டுக்காரர் குனிந்து, நான் விட்டுப்போன துணியை அலசிக்கொண்டிருந்தார். அவருக்கு அரைகுறையாகத்தான் தெரிந்திருக்கும், ஏதோ வெள்ளையாக வருகிறது என்று நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நின்றாராம். கொக்கு ஓடி வந்து விரிப்பை இழுத்து, கதவைத் திறந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. திட்ட வாயைத் திறந்த நான் அந்த முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். அத்தனை விரிப்பையும் மறுபடி துவைக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அவனே துவைத்தான். இதோ அன்றைக்குப் பார்த்து நேரத்துக்கு வந்து நின்றார். மானேஜரிடம் நான் கெஞ்சிக் கூத்தாடி ஒருநாள் தவணை வாங்கினேன்.

மறுநாள் கொக்கு கிரைண்டரை எடுத்தான். பொறி பறக்க வெல்டிங்கை அறுத்து சீட்டைத் தூக்கி வெளியே வைத்தான். பிறகு அளவு டேப்போடு என்னிடம் வந்தான். உட்கார வைத்து, இடுப்பிலிருந்து முழங்கால், முழங்காலிலிருந்து குதிகால், தோளிலிருந்து விரல் நுனி என்று அளந்தான். ரவிக்கை தைக்கத் தவிர என்னை யாரும் எதற்கும் அளந்ததில்லை. எனக்குக் கூச்சமாக இருந்தது, பிடித்தும் இருந்தது. சீட்டின் கீழே சட்டம் கொடுத்து உயர்த்தினான். பெடல்களைத் தாங்கும் கம்பியை வளைத்து என் பக்கம் கொண்டுவந்தான். வரைபடம் என்ன ஆகும் என்று கேட்டேன். வேறு வரைந்து கொடுத்துக்கொள்கிறேன் என்றான்.

சோடாபுட்டி அப்போது எங்கிருந்தோ ஒரு ஜோடி தண்டவாளம் கொண்டுவந்தான், சீட்டுக்கு அடியில் போட்டால் முன்னும் பின்னும் நகர்த்திக்கொள்கிற சாமான். சின்ன ஆளும் ஓட்டலாம், பெரிய ஆளும் ஓட்டலாம். கொக்கு அதைக் கையில் வாங்கி, நகர்த்திப் பார்த்து, நல்லா இருக்கு என்று சொல்லி, ஓரமாக வைத்தான். பிறகு சீட்டை என் அளவிலேயே தரையோடு வெல்டிங் வைத்தான், முதல் தடவையைவிட அழுத்தமாக.

சூடு ஆறியதும் அவனே ஏறிப் பார்த்தான். முழங்கால் ஸ்டியரிங்கில் முட்டியது. தலையைச் சாய்க்காமல் உட்கார முடியவில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பவே இடமில்லை. உடம்பை மடக்கி மடக்கி ஒருவழியாக இறங்கினான். வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்தத் தண்டவாளத்தைப் போட்டிருக்கலாமே, லீவுக்கு வருகிறபோது நீ எப்படி ஓட்டுவாய் என்று கேட்டார். நானும் அதையேதான் கேட்க நினைத்தேன்.

"அதைப் போட்டா, வர்றப்பல்லாம் நானே ஏறி உக்காந்துடுவேன்பா. நீங்களும் அதான் சரின்னுவீங்க. அம்மா ஒண்ணும் சொல்லாம பக்கத்து சீட்டுக்குப் போயிடுவாங்க" என்றான் கொக்கு.

அவன் சொன்னது அத்தனையும் நிஜம். நான் அப்படித்தான் நகர்ந்திருப்பேன், நகர்ந்தது யாருக்கும் தெரியாத மாதிரி. எனக்கே தெரியாமல் இருந்த ஒன்றை இந்தக் கொக்கு எப்போது பார்த்து வைத்தான் என்று புரியவில்லை. அழுகை வந்தது, அதை அவனிடம் காட்டப் பிடிக்காமல் விரிப்பு மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பின்னால் அடுக்கினேன்.

லாட்ஜுக்கு நேரமாகிவிட்டது. கொக்கு சாவியை என் கையில் வைத்துவிட்டு, வண்டியைச் சுற்றிப் போய் மறுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தான்.