பூச்சி மேடம்

வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் மனைவியின் பாதங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார் சாயக்காரர். இடது கால் முடிந்து வலது காலுக்கு வந்தபோது அவள் கண் திறந்தாள்.

"குதிகாலை அழுத்தித் துடைங்க. அதுதான் அதிகமா உழைச்சது."

உண்மைதான். ஆற்றில் முழங்கால் ஆழத்தில் நின்று குதிகாலால் கற்களைப் புரட்டி, அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பூச்சிகளைக் கிளப்பிவிடுவது அவள் வேலை. நீரோட்டம் அவற்றை வலைக்குள் கொண்டுவந்து சேர்க்கும். வலையை வெள்ளைத் தட்டில் கவிழ்த்து, என்னென்ன பூச்சிகள், எவ்வளவு என்று பார்த்து, அந்த இடத்தில் ஆறு சுகமா, சீக்கா என்று சொல்லுவாள். சுத்தமான தண்ணீரில் மட்டுமே பிழைக்கும் பூச்சிக்கு மதிப்பெண் அதிகம். எந்தச் சாக்கடையிலும் காலம் தள்ளும் புழுவுக்குக் குறைவு. நீர் ஆய்வகத்தில் இதற்காகவே அவளுக்கு ஒரு மேசையும் ஒரு மைக்ராஸ்கோப்பும் இருந்தன. ஊர் அவளைப் பூச்சி மேடம் என்றது. முதலில் கேலியாக, பிறகு அதுவே பெயராகிவிட்டது.

"இன்னிக்குச் சாய மில்லுக்குக் கீழே ஆத்துல யார் பூச்சி எடுக்கப் போறாங்க?"

"உன் ஆபீஸ் பொண்ணுதான்."

"மழை பேஞ்ச மறுநாள் எடுக்க வேணாம்னு சொல்லுங்க. வெள்ளம் பூச்சியெல்லாத்தையும் அடிச்சிட்டுப் போயிருக்கும். அப்புறம் ஆறு கெட்டுப்போச்சுன்னு எழுதுவாங்க. பாவம், அது என்ன பண்ணும்?"

"சொல்றேன். நீ பேசாம படு. மூச்சு வாங்குது பாரு."

"பேசலைன்னாலும் வாங்குது. பேசிட்டாவது வாங்கட்டுமே."

நுரையீரல் கைவிட்ட பிறகும் அவள் வாய் கைவிடவில்லை. சாயக்காரர் சிரித்துக்கொண்டே வெந்நீர்ப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனார். தண்ணீரைக் கொட்டினார். துணியை அலசிக் கொடியில் உதறிப் போட்டார். திரும்பி வந்தபோது அவள் ஜன்னல் பக்கம் முகம் திருப்பியிருந்தாள். கண் அசந்துவிட்டாள் என்று நினைத்து, ஓசைப்படாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். மருந்து கொண்டுவந்த மகள் தொட்டுப் பார்த்துவிட்டு, "அப்பா" என்று ஒரே ஒரு சொல் சொன்னாள்.

அதன் பிறகு வீடு அவர் கையில் இல்லை. மகள் யார் யாருக்கோ போன் செய்தாள். எதிர்வீட்டுக்காரர் கட்டிலை முன்னறைக்கு நகர்த்தினார். ஆய்வகத்துப் பெண் ஆற்றிலிருந்து நேராக ஓடிவந்தாள். ரப்பர் பூட்சை வாசலில் கழற்றிவிட்டு, ஈரக் காலோடு மேடத்தின் தலைமாட்டில் நின்றாள்.

சாயக்காரர் சுவரோரமாக உட்கார்ந்து வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வாசலில் இவ்வளவு செருப்புகளைப் பார்த்து எத்தனையோ காலம் ஆயிற்று. ஒரு காலத்தில் இந்தத் தெருவே அவர்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது.

அவர் ஒரு சாய மில்லில் வேலை பார்த்தவர். தெருவில் பாதிப் பேருக்கு அந்த மில்தான் சோறு போட்டது. வேலை நாட்களில் அதிகாரிகள் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போவார்கள். எல்லாம் சரியாக இருக்கும். மில்லுக்குக் கீழே உள்ள தண்ணீரில் குறை ஒன்றும் இல்லை என்று தாள் வரும். ஆனால் அவள் தட்டில் மட்டும் கணக்கு உதைத்தது. மில்லுக்கு மேலே ஆற்றில் மூன்று வால் கொண்ட சின்னப் பூச்சிகள் துள்ளின. அவற்றுக்கு மூணுவாலி என்று அவளே பெயர் வைத்திருந்தாள். மில்லைத் தாண்டியதும் ஒன்றுகூட இல்லை. சிவப்புப் புழுவும் அட்டையும்தான். 

"பாட்டில் அன்னிக்கு ஓடுற தண்ணியைத்தான் சொல்லும். பூச்சி அப்படியா? லீவு நாளானாலும் அங்கேயே கிடந்து அந்தத் தண்ணியைத்தான் குடிக்கணும்," என்றாள். விடுமுறை நாட்களில் மில்லின் கழிவு சுத்திகரிக்காமல் ஆற்றுக்குப் போவது அப்படித்தான் வெளியே வந்தது.

மில் மேலாளர் அவளை வாசலிலேயே மறித்து, "யாருக்கும்மா பூச்சி காட்டுறே?" என்று கத்தினார். "உங்களுக்குத்தான் சார்," என்று அவள் தட்டை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். அந்தக் கதையை ஆய்வகத்தில் இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஆனால் அறிக்கையை அனுப்புவதற்கு முன் வீட்டில் அவள் சிரிக்கவில்லை. தட்டில் போட்ட சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"இதை அனுப்பினா மில்லை மூடிடுவாங்க. உங்க வேலையும் போயிடும். என்ன பண்ணட்டும்?"

"முதல்ல சாப்பிட்டு முடி. அப்புறம் அனுப்பு," என்றார் சாயக்காரர். அதற்கு மேல் அந்த வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

மில் மூடியது. சுத்திகரிப்பு நிலையம் கட்டி முடித்துத் திறப்பதற்குள் பருவங்கள் மாறிவிட்டன. திறந்தபோது எல்லோரையும் கூப்பிட்டார்கள்; அவரை மட்டும் கூப்பிடவில்லை. அவர் பள்ளி வேன் ஓட்டக் கற்றுக்கொண்டார். விடுமுறை நாட்களில் அவளோடு ஆற்றில் இறங்கி வலை பிடித்தார். சாயம் கையை விட்டுப் போயிற்று. பெயரை விட்டுப் போகவில்லை. மில் மேஸ்திரி மட்டும் அவரைத் தெருவில் நிறுத்தி, "உன் பொண்டாட்டி பூச்சிக்குப் பாவம் பார்த்தா. எங்க வயித்துல அடிச்சிட்டா," என்று முகத்துக்கு நேரே சொன்னார். அன்றோடு பேச்சையும் விட்டார்.

அந்த மேஸ்திரி இப்போது மனைவியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

வாசலில் இருந்தவர்கள் விலகி வழி விட்டார்கள். மேஸ்திரியின் மனைவி நேரே உள்ளே வந்து கட்டிலருகே மண்டியிட்டாள். மேடத்தின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். சாயக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் இந்த வீட்டுக்கு வந்ததாகவே அவருக்கு நினைவில்லை.

அழுது ஓய்ந்ததும் அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். மில்லு மூடிக் கிடந்தப்போ எங்க வீட்டுல அடுப்பு எரிஞ்சது இவங்களாலதான்."

"என்னம்மா சொல்ற?"

"ஒருநாள் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டாங்க. பின்னாடி ரூம்ல உக்காந்து, ஆத்துச் சேத்துலருந்து பூச்சி பொறுக்கிக் குப்பியில போடுற வேலை. அவங்கதான் மேலே சொல்லி வாங்கிக் கொடுத்தாங்க. தையல் கடைக்குப் போறேன்னு இவர்கிட்ட சொல்லிட்டுப் போவேன். குப்பியில ஊத்துற ஸ்பிரிட் வாசனை கையில அடிக்கும். என்னடீ இதுன்னு கேட்டா, மெஷினுக்குப் போடுற எண்ணெய்ம்பேன். மனுஷன் அதையும் நம்பினாரு."

ஆய்வகத்துப் பெண் அழுதுகொண்டே உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

"சாப்பிட உக்காந்தா, ஒரு வாய் சோத்துக்கு ஒரு தடவை இவங்களைத் திட்டுவாரு. பூச்சிக்காரி, பூச்சிக்காரின்னு. நான் வாயே திறக்காம இன்னொரு கரண்டி போடுவேன். இன்னிக்குச் செய்தி வந்ததும், அந்த வீட்டுப் படி ஏற மாட்டேன்னாரு. எனக்குப் பொறுக்கலை. நீ தின்னதே அந்தப் பூச்சி போட்ட சோறுதான்யான்னு போட்டு உடைச்சிட்டேன்."

எல்லோரும் மேஸ்திரியைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தார்.

சாயக்காரர் கட்டிலைப் பார்த்தார். "எங்கிட்ட ஏன் சொல்லலை அவ?"

"நானும் கேட்டேன் அண்ணா. 'அவர் வாய் ஓட்டை வாய். பெருமை தாங்காம ஊரெல்லாம் சொல்லிடுவாரு'ன்னாங்க."

சாயக்காரர் சிரித்துவிட்டார். சத்தமாகவே சிரித்தார். உள்ளேயிருந்து மகள் பதறி ஓடிவந்தாள். அவர் சிரிப்பு எங்கே முடிந்தது, அழுகை எங்கே தொடங்கியது என்று யாருக்கும் தெரியவில்லை. காலையிலிருந்து வராத கண்ணீர் அது. மகள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, என்னப்பா?"

"ஒண்ணுமில்லம்மா. உங்கம்மா என்னை எவ்வளவு சரியாத் தெரிஞ்சு வச்சிருந்தா பாரு. அப்படி ஒருத்தியோட வாழக் குடுத்து வச்சிருந்தேனே." மேஸ்திரியின் மனைவியைப் பார்த்துக் கைகூப்பினார். "சொன்னியே, நல்லா இரும்மா. இன்னும் ஏதாவது இருந்தா சொல்லு."

அவளுக்குச் சொல்ல இன்னும் இருந்தது. ஆய்வகத்தில் மேடம் மதியம் தன் சாப்பாட்டில் பாதியை அவள் பக்கம் தள்ளி வைத்தது, அவள் முதன்முதலாக மூணுவாலியை அடையாளம் கண்ட அன்று கைதட்டியது, கண் வலித்தால் வெளியே போய் மரத்தைப் பார்க்கச் சொன்னது. சாயக்காரர் ஒன்றையும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

மாலையில் அமரர் ஊர்தி வந்தது. தெரு குறுகல் என்பதால் சவப்பெட்டியைப் பெரிய சாலை வரைக்கும் தோளில் சுமந்துதான் போக வேண்டும். முன்பக்கம் ஒரு கோடியில் சாயக்காரர் தோள் கொடுத்தார். மறு கோடிக்கு எதிர்வீட்டுக்காரர் வந்தார். அவரை மெல்ல விலக்கிவிட்டு மேஸ்திரி தோளைக் கொடுத்தார்.

மேஸ்திரி நல்ல உயரம். சாயக்காரர் அவர் தோளுக்குக்கூட வரமாட்டார். பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

மேஸ்திரி முழங்கால்களை மடக்கினார். பெட்டி சமநிலைக்கு வந்தது. தெரு முனை வரைக்கும் அவர் அப்படி மடக்கிய காலோடுதான் நடந்தார். அதைக் கண்ட சாயக்காரர் அவருக்காக நடையை மெதுவாக்கிக்கொண்டார்.