இறந்தவர் பெயரில் ஒன்பது நாள்

சங்க அலுவலகத்தில் அவளை எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். வார்டு வேலையை விட்டுப் பதினொரு வருடம் ஆகிறது, அந்தப் பெயர் மட்டும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அரசு மருத்துவமனைகளில் வேலை பார்க்கும் சிறப்பு மருத்துவர்களின் சங்கம் அது. நிர்வாகம் ஒரு டாக்டரை விசாரணைக்கு அழைத்தால் கூடப் போய் உட்கார வேண்டும், அவர் சொன்னது சொன்னபடி பதிவாகிறதா என்று பார்க்க வேண்டும். அதுதான் அவள் வேலை. கத்தி பிடிக்கும்போது கை நடுங்காதவர்கள்கூட, நோட்டீஸ் வந்த மறுநாள் அவள் மேஜைக்கு முன்னால் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்வார்கள்.

அன்று வந்த சிறுநீரக டாக்டரம்மா நகத்தைக் கடிக்கவில்லை. நோட்டீஸை மேஜையில் வைத்துவிட்டு, ஐந்து நிமிடம் கண்ணை மூடிக்கொள்ளட்டுமா என்று கேட்டார். சிஸ்டர் மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டுப் படித்தாள்.

ஒரு தையல்காரர். வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு வருகிறவர். ரத்தத்தில் பொட்டாசியம் எகிறிக் கிடப்பதாகச் சொன்ன அறிக்கையை ஒன்பது நாள் யாரும் திறந்து பார்க்கவில்லை. பத்தாவது நாள் மனிதர் கடையில் தையல் மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டார். ஆறு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து பிழைத்தார். பிரிவில் இரண்டு நிபுணர்கள் இருந்தும் இது நடந்தது ஏன் என்று ஒரு வாரத்துக்குள் விளக்கம் தர வேண்டுமாம்.

இன்னொரு நிபுணருக்கும் நோட்டீஸ் போயிருக்கிறதா என்று சிஸ்டர் கேட்டாள்.

டாக்டர் கண்ணைத் திறக்காமலே சொன்னார். "அவர் செத்துப் போயிட்டாரே, சிஸ்டர். அஞ்சு மாசம் ஆச்சு."

பிறகுதான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அந்தப் பெரிய டாக்டரை நர்ஸுகள் 'நிதானம்' என்று கூப்பிடுவார்கள். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் ஒரு காபி குடித்துவிடலாம், அவ்வளவு நிதானம். ஒரு காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, ஷூ கயிறு கட்டக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை. ஆனால் பணிப் பட்டியலில் அவர் பெயர் அப்படியே இருந்தது. இரண்டு நிபுணர்கள் இருந்தால்தான் அந்தப் பிரிவுக்கு அனுமதி. பெயரை எடுத்தால் பிரிவையே மூட வேண்டும், மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். அதனால் யாரும் எடுக்கவில்லை. கணினி அது பாட்டுக்குப் பாதி நோயாளிகளின் அறிக்கைகளை அவர் பெயருக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. அதைத் தன் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லி டாக்டர் மூன்று கடிதம் எழுதியிருந்தார். மூன்றுக்கும் ஒரே பதில்: பரிசீலனையில் உள்ளது. தையல்காரரின் அறிக்கை அந்த ஒன்பது நாளும் செத்துப்போனவரின் பெயரில் உட்கார்ந்திருந்தது.

சிஸ்டர் நோட்டீஸை மேஜையில் ஓங்கி வைத்தாள். முதல் கோபம் நிர்வாகத்தின் மேல். அடுத்தது எதிரில் உட்கார்ந்திருப்பவர் மேல்.

"இதை ஏன் டாக்டர் வந்ததும் சொல்லல?"

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேன்னு நெனச்சேன்."

அன்று மாலை வீட்டில் சிஸ்டர் பாத்திரம் தேய்த்த சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். யார் மேல கோபமோ தெரியல, அந்தக் குக்கர் என்ன பாவம் பண்ணுச்சு என்று அவள் கணவர் மெதுவாகக் கேட்டார். கேட்ட தப்புக்கு அரை மணி நேரம் முழுக் கதையையும் வாங்கிக் கட்டிக்கொண்டார். பக்கத்து அறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த நாத்தனார் சத்தத்தைக் குறைத்துவிட்டு, அந்த டாக்டரம்மாவுக்குப் பிள்ளைகுட்டி இருக்கா என்று விசாரித்தாள். ஒரு பெண், ஏழு வயது. அம்மா வரும்போது தூங்கிவிடுகிறாள், கிளம்பும்போதும் தூங்குகிறாள். நாத்தனார் தொலைக்காட்சியையே அணைத்துவிட்டாள்.

விசாரணை இரண்டாம் மாடியில், ஜன்னல் திறக்காத ஒரு அறையில் நடந்தது. நிர்வாக அதிகாரி நல்ல மனிதர் மாதிரியே பேசினார். தண்ணீர் பாட்டிலைத் தானே திறந்து டாக்டர் பக்கம் நகர்த்தினார். விஷயத்தைப் பெரிதாக்க வேண்டாம் என்றார். நோட்டீஸைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம், தண்டனை எதுவும் கிடையாது, வாய்மொழி எச்சரிக்கையோடு முடித்துவிடலாம். பணிப் பட்டியல் விவகாரம் மட்டும் பதிவில் வர வேண்டாம்.

டாக்டர் சரி என்று தலையாட்டினார்.

சிஸ்டர் இரண்டு நிமிடம் கேட்டு அவரை வராந்தாவுக்குக் கூட்டிப்போனாள். பூசி மெழுகப் பார்க்கிறார்கள், இன்றைக்கு விட்டால் நாளைக்கு இன்னொரு தையல்காரர் விழுவார் என்று அடித்தொண்டையில் பொரிந்து தள்ளினாள். டாக்டர் சுவரில் சாய்ந்து நின்று முழுவதையும் கேட்டார். நாளைக்குக் காலையில் அறுபத்திரண்டு பேர் காத்திருப்பார்கள், சண்டை போடத் தெம்பு இல்லை, எப்படியாவது முடிந்தால் போதும் என்றார். முடிவு டாக்டருடையது. சங்கத்தின் விதி அது, அந்த விதியைப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் சிஸ்டர்தான். பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே திரும்பினாள்.

கடிதம் தட்டச்சாகி வந்தது. டாக்டர் பேனாவைத் திறந்துவிட்டு, பழக்கதோஷத்தில், கையெழுத்துப் போடுமுன் படித்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"'பிரிவின் இரு நிபுணர்களும் நேரில் எச்சரிக்கப்பட்டனர்.' இது என்ன சார்?"

அது வழக்கமான வாசகம், பட்டியலில் பெயர் இருப்பதால் தானாக வருகிறது என்றார் அதிகாரி.

"அவரையும் எச்சரிச்சுட்டீங்களா?"

"டாக்டர், அது வெறும்..."

"நீங்கதானே சார் மாலை வாங்கிட்டு வந்தீங்க. அவர் வீட்டம்மா கையப் பிடிச்சுக்கிட்டு, இப்படி ஒரு டாக்டர் கிடைக்க மாட்டார்னு அழுதீங்க. நான் பக்கத்துலதான் நின்னேன்." டாக்டரின் குரல் உயரவே இல்லை. "முப்பது வருஷம் ஒரு அறிக்கையைக்கூடப் பார்க்காம வீட்டுக்குப் போகாதவர். அவர் சரியா வேலை செய்யலன்னு எழுதி, அதுல என் கையெழுத்தை வாங்கப் பார்க்கறீங்க."

பேனாவை மூடிப் பையில் போட்டார். பிறகு சிஸ்டர் பக்கம் திரும்பி, "நீங்க பேசுங்க" என்றார்.

சிஸ்டர் பேசினாள். டாக்டர் நோட்டீஸோடு வந்த நாளிலிருந்து நெஞ்சில் அடைத்துக் கிடந்ததை, கொட்டாமல், ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். மூன்று கடிதங்கள், மூன்று பதில்கள், இறப்புச் சான்றிதழின் நகல், அந்த வாரப் பணிப் பட்டியல். எல்லாம் பதிவில் ஏற வேண்டும் என்றாள். பதிவு செய்யும் எழுத்தர் அதிகாரியின் முகத்தைப் பார்த்தார். அங்க பாக்காதீங்க, காகிதத்தப் பாத்து எழுதுங்க என்று சிஸ்டர் சொன்னதும் குனிந்து எழுதினார். இரண்டு மணி நேரம் ஆனது. தண்ணீர் பாட்டிலை யாரும் தொடவில்லை.

மூன்று வாரம் கழித்து நோட்டீஸ் ரத்தானது. நிதானத்தின் பெயர் பட்டியலிலிருந்து போனது, அவர் பெயரில் தேங்கியிருந்த இருநூற்றுச் சொச்சம் அறிக்கைகளை வேறு மருத்துவமனையிலிருந்து இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். பிரிவை மூடாமலிருக்கத் தற்காலிக அனுமதி கிடைத்தது. காலியிடம் என்று அறிவிப்பு வந்தது, விண்ணப்பம் ஒன்றும் வரவில்லை. ஆள் வரும்வரை புதிய நோயாளிகளைச் சேர்ப்பதில்லை என்று எழுத்தில் வாங்கினாள் சிஸ்டர். அந்தப் புதிய நோயாளிகள் எங்கே போவார்கள் என்பதை எந்தக் காகிதமும் சொல்லவில்லை. அதிகாரி அதே நாற்காலியில்தான் இருக்கிறார்.

தையல்காரரிடம் நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று டாக்டரே பிடிவாதமாக நின்றார். டயாலிசிஸ் முடிந்து, கையில் கட்டோடு அவர் வந்து உட்கார்ந்தார். டாக்டர் எதையும் மறைக்காமல் சொன்னார். சிஸ்டர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

தையல்காரர் கேட்டுக்கொண்டே கைக்கட்டின் முனையை உள்ளே செருகினார்.

"மூணு லெட்டர் எழுதினீங்க. சரி. வாரத்துக்கு மூணு நாள் உங்க கண்ணு முன்னாலதானே படுத்துக் கிடந்தேன். ஒரு தடவ கேட்டிருக்கக் கூடாதா, உன் ரிப்போர்ட் எங்கடான்னு?"

சிஸ்டருக்கு வாய் துறுதுறுத்தது. ஒரு ஆள் இரண்டு ஆள் வேலையை இழுத்த கதை முழுவதும் நாக்கு நுனியில் நின்றது. டாக்டர் அவளைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தார்.

"கேட்டிருக்கணும்" என்றார் டாக்டர்.

தையல்காரர் எழுந்து, கதவைச் சாத்தாமல் போனார். வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்.