ஒன்பது நிமிட பீன்ஸ்

கண்ணாடிக் கடை திறந்து பத்து வருடம் ஆனதற்காக முதலாளி வேலையாட்களுக்குள் ஒரு குலுக்கல் வைத்தார். ஏழு சீட்டு, ஒரே பரிசு. லென்ஸ் வெட்டுகிறவர் கண்ணை மூடிக்கொண்டு டப்பாவுக்குள் கையை விட்டு ஒரு சீட்டை எடுத்தார். பிரித்துப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"யாருக்குப் போயிருக்கு பாருங்க. நம்ம பவரக்காவுக்கு."

கடையே சிரித்தது. ஏனென்றால் பரிசு ஓர் ஏர் ஃப்ரையர், காய் வறுக்கிற மின்சாரச் சாதனம். பவரக்காவோ முப்பத்தெட்டு வயது வரை ஒரு டம்ளர் வெந்நீர்கூட வைத்ததில்லை.

அந்தப் பெயர் கடையில் வைத்தது. வருகிறவர் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிற விதத்தை வைத்தே, "இது உங்க பவர் இல்லையே" என்று சொல்லிவிடுவாள். பத்துக்கு ஒன்பது தடவை சரியாக இருக்கும். காதுக்குப் பின்னால் உறுத்துகிறது, மூக்கில் வழுக்குகிறது என்று வருகிற கண்ணாடிகளை இரண்டு நிமிடத்தில் வழிக்குக் கொண்டுவந்துவிடுவாள். அவ்வளவு கெட்டிக்காரக் கைக்கு அடுப்பு மட்டும் ஆகாது என்று ஆகிவிட்டது. பன்னிரண்டு வயதில் அவளுக்கு வலிப்பு ஆரம்பித்தது. மருந்து எடுத்து இப்போது வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆனாலும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை சில நிமிடம் நினைவு தப்பிவிடும். அம்மா வீட்டில் இருந்தவரை அம்மா அவளைச் சமையலறை வாசலோடு நிறுத்தினாள். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பொறுப்பை நாத்தனார் எடுத்துக்கொண்டாள்.

நாத்தனாரைக் குறை சொல்ல முடியாது. பவரக்கா அந்த வீட்டுக்கு வந்த மூன்றாவது மாதம், "சும்மா பக்கத்துல நிக்கிறேன்க்கா" என்று அடுப்பருகே போய் நின்றாள். நின்றவள் உட்காரக்கூட நேரமில்லாமல் சரிந்தாள். எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்தது. நாத்தனார் தன் கையைக் குறுக்கே கொடுத்து அவள் முகத்தைக் காப்பாற்றினாள். நாத்தனாரின் முழங்கைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு இன்றும் அந்தத் தழும்பு இருக்கிறது. அதைப் பார்த்த பிறகு சமையல் என்ற பேச்சையே பவரக்கா எடுத்ததில்லை.

இப்போது அவள் கையில் ஒரு பெட்டி. அதன் மேலே "தானாக அணையும்" என்று அச்சடித்திருந்தது. அந்த இரண்டு வார்த்தையை அன்று மாலைக்குள் இருபது தடவையாவது படித்திருப்பாள்.

அவள் கணவர் பஸ் ஓட்டுநர். ஆறே காலுக்கு அவர் ஓட்டும் பஸ் கடைக்கு எதிர் நிறுத்தத்துக்கு வரும். அன்று பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு ஏறினாள்.

"என்னம்மா அது, கைக்குழந்தை மாதிரி தூக்கிட்டு வர்ற?" என்று அவர் எதிர்க் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்.

"ஏர் ஃப்ரையருங்க. குலுக்கல்ல விழுந்துச்சு."

சிக்னலில் விளக்கு பச்சைக்கு மாறியதை அவர் கவனிக்கவில்லை. பின்னால் வண்டிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"வீட்டுக்குப் போனா தெரிஞ்சிடும்."

"அப்போ எனக்கு இன்னிக்கு இன்னொரு ட்ரிப் இருக்குன்னு வச்சுக்கோ" என்றார் அவர். முன் இருக்கையில் இருந்த பயணி, சம்பந்தம் இல்லாவிட்டாலும், வாய்விட்டுச் சிரித்தார்.

நாத்தனார் வீட்டிலேயே துணி தைப்பவள். மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்து பெட்டியைச் சுற்றிப் பார்த்தாள்.

"இது என்ன, அரிசி டப்பாவா?"

"காய் வறுக்குறது, அக்கா. வெறும் சூடான காத்துலேயே வறுத்துடும். நெருப்பே கிடையாது."

"நெருப்பு இல்லாம சூடு எங்கேருந்து வரும்? சூடுன்னு ஒண்ணு இருந்தா அது சுடத்தான் செய்யும்." நாத்தனார் குரலை உயர்த்தவில்லை. வெட்டிய துணியில் மிச்சம் இருந்த ஒரு துண்டை எடுத்து அதன்மேல் போர்த்தி ஃப்ரிட்ஜ் மேலே ஏற்றினாள். "யாருக்காவது கொடுத்துடலாம்."

பவரக்கா தலையாட்டினாள். ஆனால் அதோடு வந்த குறிப்புப் புத்தகம் ஏற்கெனவே அவள் கைப்பையில் இருந்தது.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் அந்தப் புத்தகத்தைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தாள். லென்ஸ் வெட்டுகிறவர் வீட்டில் அதே மாதிரி ஒன்று இருந்தது.

"பீன்ஸ்ல ஆரம்பிங்கக்கா" என்றார் அவர். "கத்தியே வேணாம், கையால ஒடிச்சாப் போதும். கழுவினதும் ஈரம் ஒரு பொட்டு இல்லாம துடைச்சிடணும், அதுலதான் எல்லாமே இருக்கு. நூத்தித் தொண்ணூறு டிகிரி, ஒன்பது நிமிஷம். பாதியில எடுத்து ஒரு குலுக்கு."

"மறக்காம குலுக்கணுமா?"

"குலுக்கல்ல வந்ததைக் குலுக்காம விடலாமா?"

அவள் சிரிக்கவில்லை. வேறொன்று கேட்க வேண்டியிருந்தது. "நடுவுல நான் கவனிக்காம விட்டுட்டா?"

"நீங்க ஊரை விட்டே போயிட்டாலும் ஒன்பது நிமிஷத்துல அது நின்னுடும்க்கா."

வீட்டுக்குப் போகும் வழியில் காய்கறிக் கடையில் இறங்கினாள். காய் வாங்குவதும் அவளுக்கு அதுதான் முதல் தடவை. ஒரு பீன்ஸை எடுத்து ஒடித்துப் பார்த்தாள். 'டக்'கென்று முறிந்தது. அந்தச் சத்தம் அவளுக்குப் பிடித்துப்போய் இன்னொன்றை ஒடித்தாள்.

"ஒவ்வொண்ணா ஒடிச்சா எப்படிம்மா?" என்றாள் கடைக்காரி. "பொண்ணுக்கு வரன் பாக்குறவங்ககூட இவ்வளவு பாக்க மாட்டாங்க."

அரைக் கிலோ வாங்கிக் கைப்பைக்குள் புத்தகத்தோடு திணித்துக்கொண்டாள்.

அடுத்த நாள் அவளுக்கு வார விடுமுறை. கணவர் காலை ஐந்துக்கே வேலைக்குப் போய்விட்டார். நாத்தனாருக்குப் பத்து மணிக்குப் பல் டாக்டரிடம் நேரம் குறித்திருந்தது. சாதமும் குழம்பும் வைத்து மூடிவிட்டு, "தொட்டுக்க வந்து ஏதாவது பண்றேன்" என்று சொல்லிக் கிளம்பினாள். கதவு சாத்திய சத்தம் அடங்குவதற்குள் பவரக்கா நாற்காலியை இழுத்துப்போட்டு ஃப்ரிட்ஜ் மேலிருந்ததை இறக்கிவிட்டாள். நெஞ்சு படபடவென்று அடித்தது. பயம்தான் என்று முதலில் நினைத்தாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்தபோது அது பயமில்லை என்று தெரிந்தது.

பீன்ஸைக் கழுவினாள். துணியில் பரப்பி, லென்ஸைத் துடைக்கிற பக்குவத்தில் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். காம்பைக் கிள்ளி இரண்டிரண்டாக ஒடித்தாள். ஒரு பாதியை மட்டும் கிண்ணத்தில் போட்டு, ஒரு கரண்டி எண்ணெய், உப்பு, மிளகுத்தூள் சேர்த்தாள். நாலு பல் பூண்டை டம்ளரின் அடியால் நசுக்கிப் போட்டாள். கையால் பிசறும்போது எண்ணெய் பட்டு பீன்ஸ் மினுமினுத்தது. ஏர் ஃப்ரையரின் கூடையில் கொட்டி, உள்ளே தள்ளி, பொத்தானை அழுத்தினாள். திரையில் 190 வந்தது. அதன் கீழே 9.

விர்ரென்று காற்று சுழல ஆரம்பித்தது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கணவருக்கு ஃபோன் செய்யக் கையை எடுத்தாள். பஸ் ஓட்டிக்கொண்டிருப்பார் என்று வைத்துவிட்டாள். இரண்டாவது நிமிடம் பூண்டு வாசனை வந்தது. எத்தனையோ வருடமாக வாசலில் நின்று மோந்த வாசனைதான். இன்று அது அவள் கையிலிருந்து வந்தது.

பாதி நேரம் ஆனதும் கூடையை வெளியே இழுத்தாள். பீன்ஸ் இன்னும் பளீரென்ற பச்சையாக இருந்தது; தோல் மட்டும் லேசாகச் சுருங்கத் தொடங்கியிருந்தது. இரண்டு குலுக்குக் குலுக்கி உள்ளே தள்ளினாள். அது மறுபடி ஓடத் தொடங்கியது.

அப்போது நாக்கில் அந்த ருசி வந்தது. துருப்பிடித்த ஆணியைச் சப்பினால் வருகிற ருசி. இருபத்தாறு வருடமாக அவளுக்குப் பழக்கமான அடையாளம். வழக்கம்போல அப்படியே தரையில் உட்கார்ந்து அலமாரியில் சாய்ந்துகொண்டாள். இப்போதா, என்று மட்டும் நினைத்தாள்.

கண் திறந்தபோது வீடு அமைதியாக இருந்தது. எங்கே இருக்கிறோம் என்று பிடிபடச் சற்று நேரம் ஆனது. தலை கனத்தது. பிறகுதான் திடுக்கென்றது. மோந்து பார்த்தாள், புகை இல்லை. தீயும் இல்லை. சுவர்க் கடிகாரத்தில் இருபது நிமிடம் போயிருந்தது. ஏர் ஃப்ரையரின் திரை இருண்டிருந்தது. எழுந்திருக்க அவசரப்படவில்லை. உடம்பு தெளிகிறவரை உட்கார்ந்திருந்தாள். அதன்பின் மெல்ல எழுந்து கூடையை இழுத்தாள்.

அங்கங்கே பழுப்புப் புள்ளி விழுந்து, நுனி முறுகி, சுருங்கிப்போய் பீன்ஸ் கிடந்தது. ஒன்றுகூடக் கருகவில்லை. வெதுவெதுப்பாகவே இருந்தது. ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். மெதுவாக மென்றாள். அடுத்ததை எடுத்தாள். எல்லோரும் எதற்குப் பயந்தார்களோ அது இன்று நடந்தே விட்டது. அதற்கு அப்புறமும் பீன்ஸ் நன்றாக இருக்கிறது. அவள் தனியாக நின்று சிரித்தாள். கண்ணில் நீர் வழியச் சிரித்தாள்.

நாத்தனார் வாசலிலேயே மூக்கை உறிஞ்சினாள். ஊசி போட்டதில் வாய் ஒரு பக்கம் மரத்துப்போய்க் கோணியிருந்தது.

"என்ன வாசனை இது?"

மறைத்திருக்கலாம். பவரக்காவுக்கு மனம் வரவில்லை. "பீன்ஸ் பண்ணேன்க்கா. நடுவுல எனக்கு வந்துடுச்சு."

நாத்தனாரின் கைப்பை நழுவிக் கீழே விழுந்தது. ஓடிவந்து அவள் கன்னம், நெற்றி, இரண்டு கை, விரல்கள் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மாத்திரை போட்டியா காலையில? எங்க அடிபட்டுச்சு? சொல்லு."

"எங்கேயும் படல. வரப்போகுதுன்னு தெரிஞ்சதும் உக்காந்துட்டேன். முழிச்சுப் பாத்தா அது தானா நின்னிருக்கு. அடுப்பா இருந்தா..." அவள் முடிக்கவில்லை.

"தெரியும்" என்றாள் நாத்தனார். நாற்காலியில் உட்கார்ந்தாள். திட்டப் போகிறாள் என்று பவரக்கா காத்திருந்தாள். நாத்தனார் ஏர் ஃப்ரையரை எட்டிப் பார்த்தாள்.

"தானாவே நின்னுச்சா?"

"ஆமாக்கா."

"நீ மயக்கத்துல நிறுத்தியிருப்ப."

"நான் தொடவேயில்ல."

"நான் பாக்கணும். மிச்ச காய் இருக்கா?"

இருந்தது. நாத்தனார் சொல்லச் சொல்ல அல்ல, பவரக்கா சொல்லச் சொல்ல, நாத்தனார் பீன்ஸை ஒடித்தாள். "நல்லாத் துடைங்கக்கா, ஈரம் ஆகாது" என்று சொல்லும்போது பவரக்காவின் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. பொத்தானை அழுத்திவிட்டு இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார்கள். இந்தத் தடவை குலுக்கவும் இல்லை. மூன்று, இரண்டு, ஒன்று என்று எண் இறங்கியபோது நாத்தனார் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். டிங் என்றது. காற்று அடங்கியது.

"நின்னுடுச்சு" என்றாள் நாத்தனார், ரகசியம்போல. பிறகு எட்டி எண்ணெய் டப்பாவை எடுத்தாள். "ஒரு தடவை நிக்கிறது எல்லாம் கணக்கில்ல. மிச்சம் கைப்பிடியையும் போடு."

கணவர் இரண்டு மணிக்கு வந்தபோது மேஜை மேல் மூன்று தட்டில் பீன்ஸ் இருந்தது. முதல் தட்டு சிவக்க, இரண்டாவது பாதி வெந்து பாதி முறுகி, மூன்றாவது பதமாக. நின்றபடியே நாலு எடுத்து மென்றார்.

"யாரு பண்ணது?"

"உன் பொண்டாட்டி" என்றாள் நாத்தனார். டாக்டர் மாலை வரை எதையும் மெல்லக் கூடாது என்று சொல்லியிருந்தார். பொறுக்க முடியாமல் அவளும் ஒன்றை எடுத்து, மரத்துப்போகாத பக்கமாக ஒதுக்கி மென்றாள். முகத்தைச் சுளித்தாள். "உப்பு பத்தல."

பவரக்காவின் சமையலை ஒருவர் குறை சொன்னது அதுதான் முதல் தடவை. அவளுக்கு வானத்தில் பறப்பதுபோல் இருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் நாத்தனார் சட்டம் போட்டாள். வீட்டில் இன்னொருவர் இருக்கும்போதுதான் பொத்தானை அழுத்த வேண்டும். ஓடுகிறவரை உட்கார்ந்துதான் இருக்க வேண்டும். சூடான கூடையை மற்றவர்தான் வெளியே எடுக்க வேண்டும். நாத்தனார் விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள். எல்லாவற்றுக்கும் பவரக்கா சரி என்றாள்.

"நாளைக்கு என்ன காய் போடலாம்?" என்று கேட்டாள்.

"உன் பாடு" என்று சொல்லிவிட்டு நாத்தனார் தையல் மிஷினுக்குப் போனாள். "எதைப் பண்ணாலும் ராத்திரி எட்டு மணிக்குத் தட்டுல இருக்கணும். எனக்குப் பசிக்கும்."

பவரக்கா காய்கறிப் பையை உதறி மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.